புனித காவேமாலோவின் விளக்குக்காரி

மெனிகாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் வெங்காயச் சந்துக்கு ஒரு புனிதர் கிடைத்திருக்கவே மாட்டார்.

அவள் வெல்லேத்ரி மலைப்பக்கத்துப் பெண். பதினேழு வயதில் மேயோ என்கிற மூட்டை தூக்கியைக் கட்டிக்கொண்டு ரோமாபுரிக்கு வந்தாள். மேயோ தங்கமான மனுஷன். பகலெல்லாம் ஆற்றுத்துறையில் திராட்சை ரசப் பீப்பாய்களை உருட்டுவான், சாயங்காலம் அந்த ரசம் அவனை உருட்டும். கோயிலுக்குச் சொந்தமான மாடி அறை ஒன்றில் குடித்தனம். ஒரே அறை, அதற்கு ஒரே ஜன்னல். எல்லா வம்பும் அந்த ஜன்னலால்தான் வந்தது.

ஜன்னலுக்கு நேர் கீழே, கோயில் சுவரும் வீட்டுச் சுவரும் ஒட்டுகிற மூலை. எதிரே 'செவிட்டுச் சேவல்' மதுக்கடை. கடையை விட்டு வெளியே வருகிறவனுக்குக் கால் தானாக அந்த மூலைக்குத்தான் போகும். படகுக்காரன், கழுதைக்காரன், கோயில் மணியடிக்கிறவன், இடுப்பில் வாள் தொங்கும் துரைமார் என்று பேதமே கிடையாது. வருவார்கள், நிற்பார்கள், போவார்கள். சில மகராசன்கள் நிற்பதோடு விடாமல் உட்காரவும் செய்வார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். புதுப்பெண் அவித்த பீன்ஸைக் கரண்டியில் எடுப்பாள், வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிடுவாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. கத்திப் பார்த்தாள். மலைப்பக்கத்து வசவு நகரத்துக்காரனுக்குப் புரியாமல், அவன் பல்லிளித்துவிட்டுப் போனான். துணி வெளுக்கிற சாம்பல் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க மேலிருந்து ஊற்றினாள். அது போய் அரண்மனைக் குதிரைக்காரன் தலையில் விழுந்து, மேயோ போய் அவன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. பங்குச் சாமியார் தோன் வெந்தூரா அப்போது சின்ன வயசு, புதிதாக வந்திருந்தார். அவரிடம் முறையிட்டாள்.

"மூலைன்னு ஒண்ணு இருந்தா அப்படித்தாம்மா. ஆண்டவர் சுவரை வளைச்சா கட்டுவாரு?" என்றார் அவர்.

ஒருநாள் மழை விட்ட சாயங்காலம், காதிலிருந்த தோடு ஒன்று ஜன்னல் வழியாக அந்த மூலையில் விழுந்துவிட்டது. அம்மா போட்டு அனுப்பிய தோடு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மண் விளக்கை ஏற்றி எடுத்துப்போனாள். சுவரின் அடியில் எந்தக் காலத்துப் பளிங்குக் கல்லோ ஒன்று பதிந்திருந்தது. மேல்பாதியைக் காரை மூடியிருக்க, கீழ்ப்பாதியில் ஏதோ எழுத்து. அதன் விளிம்பில் விளக்கை வைத்துவிட்டுத் தேடினாள். தோடு கிடைத்த நேரத்தில் மேலே பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. விளக்கை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

சட்டியை இறக்கிவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், ஒரு வண்டிக்காரன் இடுப்புக் கச்சையைத் தளர்த்திக்கொண்டே வருகிறான். விளக்கைப் பார்த்தான். அப்படியே நின்றான். கச்சையை இறுக்கினான். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துவிட்டு, எதிர்ச் சந்துப் பக்கம் வேகமாக நடந்துவிட்டான்.

"அடி ஆத்தி!" என்றாள் மெனிகா.

மறுநாளும் விளக்கை வைத்தாள். இந்தத் தடவை தோடு எதுவும் விழவில்லை.

நாலாம் நாள் குடல்கறி விற்கிற பெர்னா கேட்டாள், "ஏண்டி, இது எந்தப் புனிதர்?"

"எனக்கென்ன தெரியும்? எழுதியிருக்குல்ல" என்றாள் மெனிகா.

இது பொய்யா? எழுத்து இருந்தது நிஜம், தெரியாது என்றதும் நிஜம். ஆனாலும் அந்த வார்த்தை அன்றிலிருந்து அவள் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எங்கள் சந்தில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆகையால் தோன் வெந்தூராவைக் கூட்டிவந்தார்கள். அவருக்குத் தெரிந்த லத்தீன் பூசைக்கு மட்டும் போதும், அதுவும் மனப்பாடம். குனிந்து, விரலை வைத்து, 'காவே மாலும்' என்று எழுத்துக் கூட்டினார். ஏதோ தீங்கு, ஏதோ எச்சரிக்கை என்கிற அளவுக்கு அவருக்குப் பிடிபட்டது. தீங்கு வராமல் காக்கிற, வேதத்துக்காக உயிரைவிட்ட வேதசாட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். புனித காவேமாலோ அப்படித்தான் பிறந்தார். திருநாள் பட்டியலில் அவர் பெயர் இல்லையே என்று ஒருவன் கேட்டதற்கு, "பட்டியல்ல இடம் இருந்திருக்காது" என்று வாயை அடைத்தார். மே மாதத்து முதல் ஞாயிறு அவருக்குத் திருநாள் ஆயிற்று.

விலாங்கு மீன் விற்கிற ஓர்சோலாவுக்கு மூன்று கரு தங்காமல் போயிருந்தது. நாலாவது சூலில் அவள் அழுதுகொண்டே வந்து அந்தக் கல்லில் வாயை வைத்து முத்தமிட்டாள். மெனிகா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லின் மேல் என்னென்ன விழுந்திருக்கிறது என்று அவளுக்கல்லவா தெரியும்! அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் புளித்த திராட்சைக் காடி ஊற்றிக் கல்லைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். ஓர்சோலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நோஃப்ரியோ என்று பெயர் வைத்தார்கள். அவன்தான் புனிதரின் முதல் அற்புதம்.

மேயோ மேல் ஒருநாள் பீப்பாய் உருண்டது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லாத விதவை, கோயில் அறையில் எதற்கு என்று பேச்சு வந்தபோது, தோன் வெந்தூரா பெரிய மனது பண்ணினார்.

"விளக்கு எரியுற வரைக்கும் அறை உனக்கு மெனிகா. புனிதர் இருக்குற வரைக்கும் நீயும் இரு."

ஊர்த் துணியை ஆற்றில் வெளுத்துக்கொண்டு, விளக்கேற்றிக்கொண்டு, முப்பது வருஷம் ஓட்டினாள். வருஷா வருஷம் தவசு காலத்தில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வாள். பெர்னாவைக் கழுதை என்று திட்டியது, வெள்ளிக்கிழமை பன்றிக் கொழுப்புத் தின்றது, எல்லாம் வரிசையாக வரும். இந்த ஒன்று மட்டும் வராது. சொன்னால் புனிதர் போய்விடுவார். புனிதர் போனால் அறை போய்விடும். ஐம்பதை எட்டுகிற வயசில் எந்த வாசற்படியில் போய்ப் படுப்பது?

அந்தக் காலத்தில்தான் ஊருக்குக் கல் பைத்தியம் பிடித்தது. அதுவரை பழைய பளிங்கு கிடைத்தால் காளவாயில் போட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். திடீரென்று மூக்கு உடைந்த சிலைக்கும் கையில்லாத பொம்பளைக்கும் கர்தினால்மார் அடித்துக்கொண்டார்கள். படித்த பிள்ளைகள் ஏணியும் தூரிகையும் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் பழைய எழுத்தைத் தேடி அலைந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் நோஃப்ரியோ. புனிதர் கொடுத்த பிள்ளை என்று பாதிரிமார் அவனைப் படிக்க வைத்தார்கள். படித்து, ஒரு கர்தினால் வீட்டில் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தான். சேர்ந்ததும் பெயரை 'ஹொனோரியுஸ்' என்று மாற்றிக்கொண்டான். பழைய ரோமாபுரிக்காரன் பெயராம். ஓர்சோலா வாயில் அது நுழையவில்லை. நடுத்தெருவில் "டேய் விலாங்கு!" என்று கூப்பிடுவாள், அவன் காது கேட்காதவன் போல நடப்பான்.

ஒரு ஏப்ரல் காலையில் அவன் கல்லின் முன்னால் குந்தியிருந்தான். மெனிகா பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, பழைய ரோமாபுரி திரும்பப் பொறக்குது. ஆயிரம் வருஷமா நாம இருட்டுல கெடந்தோம். இப்ப ஒவ்வொரு கல்லா வாயைத் தொறக்குது. மனுஷனே புதுசாப் பொறக்குறான் அத்தை!"

"பொறக்கட்டும், நல்லா இருக்கட்டும். பொறந்தா பீத்துணி யாருடா அலசுறது?"

"உன்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு." அவன் கல்லைத் தட்டினான். "இந்தக் காரைக்கு அடியில இன்னொரு வரி இருக்கு. இது புனிதர் கல்லே இல்ல, அதுக்கும் முந்தியது. மேல பேரு இருக்கும். யாரோ பெரிய ஆளு. சுரண்டிப் பாத்துடுறேன்."

மெனிகாவின் கையிலிருந்து பிழிந்த துணி நழுவி மண்ணில் விழுந்தது.

"தொடாதேடா! உங்கம்மா முத்தம் குடுத்த கல்லு அது."

"அதனாலதான் அத்தை. நான் யாரால பொறந்தேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவன் நேரே தோன் வெந்தூராவிடம் போனான். அவருக்கு வாயெல்லாம் பல். புனிதரின் முழுப்பெயர் வெளிப்படப் போகிறது, அதுவும் கர்தினால் வீட்டு ஆள் கையால். திருநாளன்று ஊரைக் கூட்டி வைத்துச் சுரண்டுவது என்று முடிவாயிற்று. அந்த மூன்று வாரமும் மெனிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் துணிந்து சாமியார் முன் மண்டியிட்டாள்.

"சாமி, அந்தக் கல்லு வந்து... நான் அன்னிக்கு..."

"தெரியும்மா. சந்தோஷத்துல உனக்கு வார்த்தை வரலை. மூணு ஜெபம் சொல்லிட்டு எழுந்து போ" என்று அவளை அனுப்பிவிட்டார் அந்தப் புண்ணியவான்.

திருநாள் வந்தது. சந்து நிறையக் கூட்டம். வறுத்த மீன், எண்ணெயில் பொரித்த கூனைப்பூ, மேளம் எல்லாம் உண்டு. 'செவிட்டுச் சேவல்' அன்று பூசை முடியும் வரை கதவடைத்திருந்தது. ஹொனோரியுஸ் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, உளியால் மெல்ல மெல்லக் காரையைத் தட்டினான். ஓர்சோலா முன்வரிசையில் கைகூப்பி நின்றாள். மெனிகா தன் ஜன்னலில் நின்றாள், கம்பியைப் பிடித்தபடி. மூட்டையைக்கூட முன்னாலேயே கட்டி வைத்துவிட்டாள், பாவம்.

காரை உதிர்ந்தது. தூரிகையால் தூசியைத் தள்ளினான். ஏழு எழுத்து, பளிச்சென்று வந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்று வாசித்தான்.

"கக்காத்தோர்!"

கையைத் தூக்கி இன்னொரு தடவை சொன்னான்.

"கக்காத்தோர்! பெரிய வம்சத்துப் பேரு! பழைய ரோமாபுரியில மந்திரியாவோ தளபதியாவோ இருந்த மகான்—"

"டேய் விலாங்கு," என்றாள் ஓர்சோலா மெதுவாக, "அது பேரா?"

படிப்பு மனுஷனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். ரோமாபுரியில் பால்குடி மறந்த குழந்தைக்கும் கக்கா என்றால் என்னவென்று தெரியும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஆயிரத்து ஐந்நூறு வருஷமாக எங்கள் ஜனங்கள் மாற்றாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். லத்தீனிலேயே கனவு காண்கிற இவனுக்குத்தான் தாய் சொல்லிக்கொடுத்த முதல் சொல் மறந்துபோயிருந்தது. திரும்பிக் கல்லைப் பார்த்தான். மூன்று சொல்லையும் சேர்த்து உதட்டுக்குள் படித்தான். அவன் முகத்தில் இரத்தம் வற்றியது.

முதலில் சிரித்தது பெர்னா. பிறகு சந்தே சிரித்தது. மேளக்காரன் மேளத்தின் மேலேயே கவிழ்ந்து சிரித்தான். "புனித கக்காத்தோரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று ஒரு படகுக்காரன் கத்த, "ஐயா, உம்ம பிள்ளை வந்திருக்கான் பாரும்!" என்று இன்னொருவன் நோஃப்ரியோவைக் காட்டினான். தோன் வெந்தூரா பூசை உடுப்போடு விலகி நடந்தார். போகிற போக்கில் ஜன்னலைப் பார்த்து, "அடுத்த மாசக் கடைசியில இராயப்பர் திருநாள், அதுக்குள்ள அறையைக் காலி பண்ணிடு" என்றார். அவ்வளவுதான், முப்பது வருஷத்துக்கு அவர் செய்த மரியாதை.

கூட்டம் கலைந்தபின் நோஃப்ரியோ கல்லுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மெனிகா இறங்கி வந்தாள்.

"முழுசா என்னடா எழுதியிருக்கு? மறைக்காம சொல்லு."

"'இங்க கக்கா போறவனே, உனக்குக் கேடு வரும், ஜாக்கிரதை.' அவ்வளவுதான் அத்தை. அந்தக் காலத்துல எவனோ நாத்தம் தாங்காம எழுதி வச்சிருக்கான்."

மெனிகாவின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"எவனோ இல்லடா, எவளோ! ஜன்னல் இருந்திருக்கும்டா அவளுக்கு. அந்த ஜன்னலுக்குக் கீழயும் ஒரு மூலை. புருஷன்கிட்டச் சொல்லியிருப்பா, அவன் காதுல வாங்கியிருக்க மாட்டான். சுடுதண்ணி ஊத்தியிருப்பா. கடைசியில கல்லுல வெட்டி வச்சிருக்கா, மகராசி! நான் விளக்கு வச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணைத்தாண்டா சொல்லியிருக்கோம்!"

தோடு விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள். முப்பது வருஷத்து முள் அன்றைக்குத்தான் தொண்டையை விட்டு இறங்கியது. எழுதியிருக்கு என்று அன்று சொன்னது பொய்யே இல்லை. அவள் மனசில் இருந்ததுதான் எழுத்து எழுத்தாக அங்கே இருந்திருக்கிறது.

"அப்ப நான்?" என்றான் நோஃப்ரியோ. "நான் எப்படிப் பொறந்தேன்?"

"உங்கம்மா பெத்தாடா, மடையா. கல்லா முக்கிச்சு?"

கல்லும் அதிக நாள் நிற்கவில்லை. நோஃப்ரியோவின் கர்தினால் கதையைக் கேட்டு விலா நோகச் சிரித்து, உடனே அந்தக் கல் தன் தோட்டத்துக்கு வேண்டும் என்றாராம். மாட்டு வண்டி வந்தது. பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுவரில் ஒரு பொந்து மிச்சம், மெனிகா விளக்கு வைப்பதையும் விட்டுவிட்டாள்.

பிறகு நாலே நாள்தான். முதல் நாள் மணியடிக்கிறவன் வந்தான். இரண்டாம் நாள் படகுக்காரர்கள். நாலாம் நாளில் முப்பது வருஷத்துப் பாக்கியையெல்லாம் சேர்த்து இறக்குகிறார்கள் என்று தோன்றியது. ஜூன் மாத வெயில் வேறு. மெனிகா ஜன்னலைச் சாத்திவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து இராயப்பர் திருநாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த மூலைக்கு மேலே இன்னொரு ஜன்னலும் உண்டு. சாமியார் சாப்பிடுகிற அறையின் ஜன்னல் அது. முப்பது வருஷமாகத் தன் மூக்கு சுகப்பட்டது யாரால் என்று அவர் யோசித்ததே இல்லை.

இரண்டாவது வாரம் அங்கிக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"மெனிகா, ஏதாவது பண்ணும்மா. ரெண்டு நாளா ஒரு வாய் உள்ள இறங்கலை."

"மூலைன்னு ஒண்ணு இருந்தா அப்படித்தான் சாமி" என்றாள் மெனிகா.

அவர் நெளிந்தார். "பழசெல்லாம் எதுக்கு இப்ப? என்ன வேணும், சொல்லு."

"சாகுற வரைக்கும் இந்த அறை என்னோடதுன்னு எழுதிக் குடுங்க. புனிதர் இருந்தாலும் சரி, போனாலும் சரி."

"எழுதி என்ன பண்ணப் போறே? உனக்குத்தான் படிக்கத் தெரியாதே!"

"எனக்கு எதுக்குப் படிப்பு? படிக்கத் தெரிஞ்சவங்கதான் என்னை வெளிய தள்ள வர்றாங்க. அவங்களுக்குக் காட்டத்தான்."

எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அன்று சாயங்காலமே மெனிகா அந்த மூலையைக் கழுவி, காடி தெளித்து, காலிப் பொந்துக்குள் விளக்கை ஏற்றி வைத்தாள். சந்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும். உள்ளே கல்லும் கிடையாது, புனிதரும் கிடையாது. ஆனாலும் கச்சையைத் தளர்த்திக்கொண்டு வந்த முதல் கழுதைக்காரன் விளக்கைப் பார்த்ததும் நின்றான், முனகினான், சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டான். பக்தியோ, பழக்கமோ, வெளிச்சத்தில் இடுப்பைத் திறக்கிற வெட்கமோ, அவனைத்தான் கேட்க வேண்டும். பெர்னா புது ஆள் யாராவது வந்தால் அதைப் புனித பொந்து என்று சொல்லுவாள்.

அடுத்த வசந்தத்தில், ஒரு மத்தியான வேளையில் நோஃப்ரியோ வந்தான். ஹொனோரியுஸ் என்று இப்போது யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை, அவனும் வற்புறுத்துவதில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, உன் கல்லு சௌக்கியமா?"

"எலுமிச்சைத் தொட்டி வரிசைக்குப் பின்னால, நல்ல எடமாப் பாத்து நிறுத்தியிருக்கேன் அத்தை. விருந்துக்கு வர்ற அத்தனை பேரையும் கர்தினால் அங்கதான் கூட்டிட்டுப் போறாரு. எல்லாரும் பெரிய பெரிய பண்டிதருங்க."

"பின்ன என்ன? ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான்.

"அத்தை, உன் பழைய விளக்கு ஒண்ணு இருந்தாக் குடேன்."

"எதுக்கு? அங்கதான் எல்லாருக்கும் படிக்கத் தெரியுமே!"

"தெரியுதே, அதான் கஷ்டம்! சத்தமாப் படிச்சு, ரசிச்சு, அதுமேலயே மூத்திரம் பெய்யுறாங்க."

மெனிகா உள்ளே போனாள். தோடு தேடிய அன்று எடுத்துப்போன அதே மண் விளக்கை, விளிம்பு உடைந்தது, மாடத்திலிருந்து எடுத்தாள். முந்தானையால் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரியை நிமிர்த்தி அவன் கையில் கொடுத்தாள்.

"காத்துப் படாம பாத்து வையி. எந்தப் புனிதர்னு எவனாச்சும் கேட்டா, எனக்கென்ன தெரியும், எழுதியிருக்குல்லன்னு சொல்லு."